ஆணியில்லாத மூடி

தம்பி மாடம்பாக்கத்தில் பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அவரோடு சேர்த்து வீட்டில் ஆறு பேர் ஆனோம். இன்று அந்த ஆறில் மீதி நான் ஒருவன். முறைப்படி இந்த நினைவு மலர்க் கட்டுரையை அவர்தான் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

அப்பா தவறியபோது தம்பி பத்தாம் வகுப்பு. நான் தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்சல் எண்ணும் வேலையில் இருந்தேன். அவரை மேலே படிக்க வைக்க என்னால் முடியவில்லை. ஒரு பட்டறையில் வார்ப்பு அச்சு செய்யும் வேலையைக் கற்று, எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ்க்கட்டளையில் மூன்று இயந்திரங்கள் மட்டும் இருந்த பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தார். படிப்பு நின்றதற்காக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் சொந்தக்காரர்களிடம், அவர் காதில் விழும்படியே, "டப்பா கம்பெனியில இருக்கான்" என்று சொல்வேன்.

எனக்கு எல்லாமே பிளாஸ்டிக். தம்பிக்கு ஒவ்வொன்றும் வேறு. ஒரு துண்டு கிடைத்தால் வளைப்பார், நகத்தால் கீறுவார், தண்ணீரில் போடுவார், ஓரத்தில் தீக்குச்சி வைத்து முகர்வார். மிதந்து, மெழுகுவர்த்தி வாசனையும் வந்தால் பால் கவர் செய்யும் பாலிதீன். மூக்கை எரித்துவிட்டுத் தானே அணைந்தால் குழாய்க்கு ஆகும் பிவிசி. கரும்புகை சுருண்டால் பாலிஸ்டைரீன். பார்க்கக் கண்ணாடி, கீழே விழுந்தால் சில்லு.

அந்தப் பாலிஸ்டைரீனில்தான் நான் மாட்டினேன். என் மனைவி இருந்த காலம். மாங்காய் ஊறுகாய்க்காக மார்க்கெட்டில் பளபளவென்று ஒரு டப்பா வாங்கி வந்தேன். தம்பி விரலால் சுண்டிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல கடலை மிட்டாய் வைங்க. எண்ணெய் ஊத்தினா விரிசல் விட்டுரும்."

"கடைக்காரனே கேரண்டின்றான். நீயும் டப்பா செய்யறவன், அடுத்தவன் டப்பாவை நல்லதுன்னு சொல்லுவியா?"

பதினேழாம் நாள் எண்ணெய் அலமாரியில் வழிந்து என் ரயில் கால அட்டவணைகள் மூன்றையும் நனைத்தது. கடைக்காரனைத் திட்டினேன். "உங்க தம்பி சொன்னது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று கேட்டாள் மனைவி. நான் சொல்லவில்லை.

அவளும் போனபின் கிழக்குத் தாம்பரம் வீட்டில் தனியானேன். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு சின்ன மாத்திரை டப்பாவோடு வந்தார்.

"மூடிக்கு ஆணி எங்கடா?"

"ஆணி கிடையாது அண்ணா. இது பாலிபுரொப்பிலீன். மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பு. மடியற இடத்தை மட்டும் மெல்லிசா விட்டிருக்கேன். அச்சுலேர்ந்து சூடா வர்றப்பவே ஒரு தடவை மடிச்சிட்டா, ஆயுசுக்கும் மடியும்."

"உடையும்."

"திறக்கறப்பல்லாம் எண்ணித்தான் பாருங்களேன்."

எண்ணினேன். காலை ஒன்று, இரவு ஒன்று, வாரம் ஒருமுறை மாத்திரை நிரப்ப ஒன்று, வாரத்துக்குப் பதினைந்து. அதன்பின் ஞாயிறு தவறாமல் கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் ஏறி வருவார். செருப்பைக் கழற்றும்போதே, "எவ்வளவு ஆச்சு அண்ணா?" என்பார்.

"ஆயிரத்து இருநூறு."

"இன்னும் உடையலையா?"

"உடையும், இரு."

ஒருமுறை மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்ததை ஆசையாக எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது கிழிசல் இல்லண்ணா, மடங்கி மடங்கி வெளுத்திருக்கு" என்றார். மதியம் கிளம்பிவிடுவார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்காது.

தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் படுத்துவிட்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் போனேன்.

"எவ்வளவு?" என்றார்.

"நாலாயிரத்து அறுநூற்று எண்பது."

"உடையலையா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய்ப் பழக்கம், "உடையும், இரு" என்றேன். சிரித்தார். வியாழக்கிழமை போய்விட்டார்.

பத்தாம் நாள் முடிந்ததும் தம்பியின் மனைவி என்னிடம் சொன்னாள்: "மாமா, அது உடையாதுன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். 'எங்கண்ணா சும்மா வாயைத் திறக்க மாட்டார், கணக்குன்னா பேசுவார்'னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவார்."

அவரோடு இரவெல்லாம் கண்விழித்த அவளுக்கும், இரத்தம் கொடுத்த நான்கு பேருக்கும், எங்கள் இரு வீட்டுக்கும் மாறி மாறிச் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்புகிறேன். தம்பியோடு வேலை செய்தவர்கள் அவர் செய்த அதே அச்சில் நூற்று இருபது டப்பாக்கள் வார்த்து, ஒவ்வொன்றையும் சூடு ஆறுமுன் தங்கள் கையால் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மலரோடு உங்கள் கையில் இருப்பது அதுதான். தாராளமாக எண்ணெய்ப் பண்டமும் வைக்கலாம்.

இதை எழுதும் இன்று காலை என் டப்பா ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. மடிப்பு அப்படியே இருக்கிறது. ஊறுகாய் விஷயத்திலும் இதிலும் தம்பி சொன்னதுதான் சரி. அவர் இருக்கும்போது சொல்லாததை நூற்று இருபது பேர் முன்னால் அச்சில் சொல்லிவிட்டேன்.

உங்கள் டப்பாவையும் எண்ணி வையுங்கள். எவ்வளவு ஆயிற்று என்று யாராவது வந்து சொன்னால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.