வெள்ளைக் கோட்டில் கவுச்சி

கல்லூரியின் கடைசி வருடத்தில் எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. சென்னையில் வேலை தேடுகிறவர்கள் ஒரு கட்சி, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இன்னொரு கட்சி. நானும் என் தோழியும் எதிலும் சேரவில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். என்ன தொழில் என்பதுதான் தெரியவில்லை.

அவள் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். டவுனுக்குள், கதிர்காமத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, ஸ்கூட்டியில் கல்லூரிக்கு வருவாள். நான் கடலோரப் பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ். என் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்பாள், மிஞ்சியதைக் கருவாடு போடுவாள். முதல் வருடம் முதல் நாள், பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான். அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வகுப்பு இருக்காது. பீச் ரோட்டில் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் தின்போம். அப்புறம் இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு பேக்கரி வாசல். உள்ளே போகமாட்டோம். ரொட்டி வெந்து வரும் நேரம் பார்த்து வெளியே நின்று மூச்சை இழுப்போம், அவ்வளவுதான். “நல்லா இழுடி, இதுக்குக் காசு கெடையாது” என்பாள். வெண்ணெய், புளித்த மாவு, கருகிய சர்க்கரை என்று நான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வேன். என் மூக்கைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

தொழில் தானாக வந்து சேர்ந்தது. அவள் ஹாஸ்டலில் தண்ணீர்த் தட்டுப்பாடு. யாரும் துணி துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பை நிறைய அழுக்குத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அத்தை சென்னைக்கு மகன் வீட்டோடு போய்விட்டதால், அவருடைய வாஷிங் மெஷின் எங்கள் வீட்டில் கிடந்தது. அதில் போட்டு அலசி, பின்பக்கக் கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வகுப்புக்கு ஓடி வந்தாள்.

“எங்க குடுத்தன்னு ரூம்ல அத்தினி பேரும் கேக்கறாளுங்கடி. அவங்களுக்கும் வேணுமாம்.”

அந்த ஹாஸ்டலில் இருந்தவர்களில் பாதிப் பேர் டாக்டருக்கும் நர்சுக்கும் படிக்கிற பெண்கள். தினமும் வெள்ளைக் கோட்டு வேண்டும், துவைக்க நேரமும் தண்ணீரும் இல்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்கூட்டியில் துணி கொண்டுவந்து சேர்ப்பதும் திரும்பக் கொண்டுபோவதும் அவள் பொறுப்பு. துவைப்பதும் தேய்ப்பதும் என் பொறுப்பு. ஒருத்தியின் கோட்டு இன்னொருத்திக்குப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு காலரின் உட்பக்கத்திலும் வேறு வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டேன். காலையில் துவைத்துப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போவேன். சாயங்காலம் வந்து இஸ்திரி போடுவேன். சூடான துணியை மடித்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது அப்படி ஒரு நிம்மதி. வகுப்பில் பாடம் நடக்கும்போது, அடுத்து காலாப்பட்டு ஹாஸ்டல்களைப் பிடிக்கலாமா, வேன் வாங்கினால் என்ன கலர் என்று இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருப்போம்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “ஊர்ல இருக்கறவ அழுக்கத் தொவைக்கவா உன்ன காலேஜு அனுப்பனேன்?” என்றாள். ஆனாலும் நான் வரத் தாமதமானால் அவளே கொடியிலிருந்து துணியை எடுத்து வைத்திருப்பாள்.

துணிக்காக நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். ஒரு மாலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதில் ஒரு செய்தி வந்தது. ‘கோட்டுல மீன் ஸ்மெல் வருது. எனக்கு மட்டும்தானா?’ உடனே நாலைந்து பேர், எனக்கும், எனக்கும் என்று போட்டார்கள். ஒருத்தி, வார்டில் ஒரு நோயாளி தன்னைப் பார்த்து ‘இன்னைக்கு என்னா கொழம்பும்மா?’ என்று கேட்டதாக எழுதினாள். இன்னொருத்தி நாக்கைச் சுழற்றும் பூனைப் படம் ஒன்றைப் போட்டாள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையிலிருந்த கோட்டை முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தேன். சோப்பு வாசனை. வெயில் வாசனை. வேறு எதுவும் இல்லை. அடுக்கியிருந்த எல்லாவற்றையும் பிரித்து முகர்ந்தேன். அக்குளில் முகர்ந்தேன், காலரில் முகர்ந்தேன். ஒன்றுமே வரவில்லை.

வேண்டுமென்றே சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை, கல்லூரி வண்டி ஸ்டாண்டில் அவளைப் பிடித்து ஒரு கோட்டை நீட்டினேன்.

“மோந்து பாரு. உண்மையச் சொல்லு.”

அவள் வாங்கினாள். முகத்தருகே கொண்டு போகவே இல்லை.

“வருதுடி. லேசா” என்றாள்.

“எப்பத்திலருந்து?”

“மொதல்லருந்தே கொஞ்சம் இருக்கும். உங்க வீட்டுப் பின்னாடி நெத்திலி காயுது இல்ல, அந்தக் கவுச்சி காத்துல வந்து ஏறிக்குது. சோப்புல போயிடும்னு நெனைச்சேன்.”

“ஏன் சொல்லல?”

அவள் ஸ்கூட்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றாள். எனக்கு அப்போதுதான் அடுத்த கேள்வி தோன்றியது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“எம்மேல?”

அவள் வேறு பக்கம் பார்த்தாள். “எனக்குப் பழகிடுச்சிடி” என்றாள்.

அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. மூன்று வருடத்தையும் திரும்ப ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் என் பெஞ்ச் ஏன் காலியாக இருந்தது. என் முன்னால் உட்காருகிற பெண் மழை பெய்தாலும் ஏன் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வாள். என் பிறந்தநாளுக்கு மூன்று பேர் தனித்தனியாக ஏன் சென்ட் பாட்டில் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில்களைச் சிக்கனமாக, கல்யாணங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் கையை முகர்ந்தேன், முடியை இழுத்து முகர்ந்தேன், சட்டைக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். பேக்கரி வாசலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் பிரித்துச் சொல்கிற மூக்குக்கு என்னைத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா மணலில் விரித்திருந்த வலைமேல் நெத்திலியைத் துடைப்பத்தால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டேன்.

“எம்மா, ஒரு பத்து நாளு இத வேற எங்கயாச்சும் கொண்டு போயி காயப் போடறியா?”

“ஏன்?”

“துணியில கவுச்சி அடிக்குதாம்.”

“எவ சொன்னா?”

“எல்லாரும்தான்.”

அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுக்கிலிருந்து ஒரு கோட்டை எடுத்தாள். நான் செய்தது போலவே முகத்தில் வைத்து அழுத்தி முகர்ந்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை.

“சோப்பு வாசனதான் வருது பாப்பா” என்றாள்.

“உனக்கு வராது. எனக்கும் வராது. அதாம்மா பிரச்சன.”

அவளுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் போன போக்கை நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். கோட்டை மடித்து இருந்த இடத்தில் வைத்தாள். “எல்லா வூட்டுலயும்தான் காயுது. நான் ஒருத்தி எடுத்துட்டா மட்டும் போயிடுமா?” என்று சொல்லிவிட்டு மறுபடி மணலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கொடியிலிருந்து அவள் துணி எடுத்து வைப்பதும் இல்லை. நான் சொல்லவில்லை, அவளாகவே தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். இரண்டு முறை துவைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசினேன். வெட்டிவேரைத் துணிகளுக்கு நடுவே வைத்தேன். ஜன்னலைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவிடமும் அம்மாவிடமும் கத்தினேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எனக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் தோழி முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் மூச்சை இழுக்கும்போது நான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன், பரீட்சை முடிவைப் பார்ப்பது போல. “இன்னும் இருக்குடி” என்பாள், தானே தப்புச் செய்துவிட்டது போன்ற குரலில்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. புயல் எச்சரிக்கை என்று பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஹாஸ்டல் பெண்களுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லாக் கோட்டும் எங்களிடம் இருந்தது. வீட்டுக்குள் ஒன்றும் உலரவில்லை. அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஈரத் துணியை பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஸ்கூட்டியில் மழையோடு மழையாகக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். ப்ராஜெக்ட் வேலை என்று வாட்ச்மேனிடம் சொல்லி எங்கள் வகுப்பறையைத் திறக்க வைத்தோம். எல்லா மின்விசிறியையும் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெஞ்சின் சாய்மானத்திலும் ஒரு கோட்டை மாட்டினோம். அறை முழுக்க வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து பாடம் கேட்பது போல இருந்தது. அவள் மேடையில் ஏறி எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “லாஸ்ட் பெஞ்ச், அங்க என்னா பேச்சு?” என்றாள். பல நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மாலைக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. அவள் பெஞ்ச் பெஞ்சாகப் போய் ஒவ்வொன்றையும் முகர்ந்தாள். கடைசிக் கோட்டையும் முகர்ந்துவிட்டுத் திரும்பினாள்.

“வரலடி. சத்தியமா வரல.”

“பொய் சொல்லாத.”

“எங்கம்மா மேல சத்தியம்டி. சுத்தமா இல்ல.”

கையோடு கொண்டுபோயிருந்த இஸ்திரிப் பெட்டியை அங்கேயே பிளக்கில் செருகித் தேய்த்தோம். அன்றே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஹாஸ்டல் நடத்துகிற அக்கா எங்களை உள்ளே உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நல்லது நடக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் தோழியைக் கூப்பிட்டு, இனித் துணி எடுக்க வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் நேரிலேயே கேட்கிறேன் என்று போய் நின்றேன்.

“துணி நல்லாதான் இருக்குதும்மா, நானே பாத்தேன்” என்றார் அக்கா. “பொண்ணுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இன்னமும் வருதுங்கறாங்க. பக்கத்துத் தெரு லாண்டரிலயே குடுத்துக்கறாங்களாம்.”

“அக்கா, இந்தத் தடவ காலேஜுல காய வச்சோம். எங்க ஊருக் காத்தே படல.”

“நீ எந்த ஊருன்னு அவங்களுக்குத் தெரியும் இல்லமா” என்றார். திட்டுகிற குரல் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

படியிறங்கி வந்தேன். இருக்கிற நாற்றத்தைப் போக்க ஏதாவது வழி தேடலாம். இல்லாததை எதைப் போட்டுக் கழுவுவது? அன்று பஸ்ஸில் நான் கடைசி வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது வர வேண்டும், வந்தவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு கல்லூரிக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். குளித்து, மறுபடி குளித்து, சென்ட் போட்டு, அது அதிகமாகிவிட்டதோ என்று கழுவி, ஏசி அறையில் போய் உட்கார்ந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சாரும் ஒரு மேடமும். சொந்தமாக ஏதாவது செய்து பார்த்திருக்கிறாயா என்று சார் கேட்டார். லாண்டரி நடத்தினோம் என்று சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“வெரி குட். ஏன் நிறுத்திட்டீங்க?”

தண்ணீர்ப் பிரச்சனை, பார்ட்னர் பிரச்சனை என்று நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“துணியில கருவாட்டு ஸ்மெல் வருதுன்னு சொன்னாங்க சார். எங்க ஊரு கடலோரம்.”

சார் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. மேடம் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அவர் சாய்ந்தது எனக்காகத்தானா, முதுகு வலியா, அறையின் குளிரா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. முடிவு ஒட்டிய பலகை முன்னால் அவள்தான் அழுதாள். “நான் போவலடி, நாம வேற எதாச்சும் ஆரம்பிக்கலாம்” என்றாள். போகத்தான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அப்பா அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருப்பார்.

என்னைப் பஸ் ஸ்டாப்பில் விடுகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்தாள். ஏறிக்கொண்டேன். முன்பெல்லாம் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போவேன். இப்போது பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஒட்டி உக்காருடி, பள்ளத்துல விழுந்து வைக்கப் போற” என்றாள்.

“இருக்கட்டும், நீ ஓட்டு” என்றேன்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தேடிப் பிடித்து, தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. பிறகு கிளம்பினாள். நான் கையை எடுக்கவில்லை. நெருங்கி உட்காரவும் இல்லை.