கிளி வாங்குமுன் கேட்ட கேள்வி

பறவை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், பேசுமா என்று கேட்பார்கள். எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் கேட்டேன். அதற்காக லயத்தில் என்னைக் கிறுக்கி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கேட்டது சரிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மலாயாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் எல்லோருமே அடுத்த வருஷம் ஊருக்குப் போகப்போகிறவர்கள். அந்த அடுத்த வருஷம் வந்தால் அதற்கும் அடுத்த வருஷம். போகப்போகிறோமே என்று வாசலில் ஒரு பலாக்கன்று வைக்கமாட்டார்கள். கறிவேப்பிலைகூடத் தகர டின்னில்தான் வளரும். பறவையை மட்டும் பிடித்துவிடுவார்கள். போகிறவரைக்கும் பொழுதுபோகட்டும் என்ற நினைப்பு.

அந்தப் பச்சைக்கிளியும் அப்படி வந்ததுதான். பட்டமரத்தைச் சாய்த்தபோது பொந்திலிருந்து குஞ்சாக எடுத்தவர் ஒரு வருஷத்தில் கப்பலேறினார். கிளி எதிர்வீட்டுக்குப் போனது. அவர்களும் கப்பலேற, இன்னொரு வீட்டுக்கு. போகிறவர்கள் கோழியையும் ஆட்டையும் இருக்கிறவர்களிடம் விட்டுப்போவது தோட்டத்து வழக்கம். கோழி குழம்பாகிவிடும், ஆட்டுக்கும் அதே கதிதான். கிளியை யார் தின்பது? நான்காவதாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வந்து சேர்ந்தபோது, நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுத் தோல் தெரிய நின்றது. இப்போது அந்த அக்காவும் புறப்படப்போகிறார்.

"நாம வாங்கிக்குவோம், பாவமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எத்தன வருஷம் இருக்குமாம்?"

"யாருக்குத் தெரியும்? நாம போறப்ப வேற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் கிளிக்காக மட்டும் இல்லை. நான்கு வயதில் என்னை இங்கே கொண்டுவந்தார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் இருக்கிறார்கள். ஊர் என்பது எனக்கு மற்றவர்கள் வாயால் கேட்ட இடம். அவருக்கோ அங்கே தாயும் அண்ணனும் கொஞ்சம் நிலமும் இருந்தன. சித்திரையில் போகலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் வரவில்லை என்று வாய்திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குத் துணி எடுக்கப் போனோம். கடைத்தெருவின் அஞ்சடியில், கூரை போட்ட அந்த நடைபாதையில், ஒரு சீனர் கூண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். கிளி வேண்டாமென்றால் ஒரு தினைக்குருவி வாங்கிக்கொள்ளேன் என்றார் இவர், என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். நான் கடைக்காரரிடம் மலாயில் விசாரித்தேன். தினைக்குருவி ஐந்து வருஷம் இருந்தால் அதிகம். மணிப்புறா பத்துக்கு மேல் போகும். கிளி? பத்து விரலையும் மூன்று முறை விரித்துக் காட்டினார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம்!

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "குருவின்னா அஞ்சு வருஷம் இங்க இருக்கணும். புறான்னா பத்து. அந்தக் கிளின்னா நாம கெழடாகுற வரைக்கும். நீங்க எதுக்குத் தயாரு? சித்திரையில போறதுன்னா எதுவுமே வேணாம்."

"ஒரு பறவைக்கா இம்புட்டுப் பேச்சு?"

"பறவைக்குந்தான், எனக்குந்தான். நான் இங்கதான் இருக்கணுங்க."

ரயிலேறி வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த மூன்று நாளும் அவர் உம்மென்றே இருந்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டால் போதும்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, நீங்க போறப்ப இத யாருகிட்ட விடுவீங்க? அதையும் இப்பவே சொல்லிருங்க, எனக்கு மனசு கேக்கல."

இவர் கூண்டை வாங்கிக்கொண்டார். "நாங்க போகலக்கா" என்றார்.

உள்ளே போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நிலத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்புள்ள," என்றார், "அம்மா இன்னும் எத்தன வருஷம் இருப்பாங்க?"

கிளியின் வருஷங்களைக் கூட்டினேன், எங்கள் வருஷங்களைக் கூட்டினேன். அந்தத் தாயின் வருஷங்களை நான் நினைத்தே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன். அப்படிப் போய்த் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் எங்கள் லயத்திலேயே இரண்டு பேர். அது அவருக்கும் தெரியும்.

"வருவேன்னு நம்புறியா?"

"நம்பாமலா முப்பது வருஷம் இருக்கப்போறத வீட்டுக்குள்ள விட்டேன்?"

சிரித்துவிட்டார். அடுத்த மாதமே பினாங்கில் கப்பலேறினார். அவர் போன பிறகு யார் கேட்டாலும் வந்துவிடுவார் என்று அடித்துச் சொன்னேன். உள்ளுக்குள் நான்கு மாதமும் பயந்துகொண்டேதான் இருந்தேன். அதை அவரிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஐந்தாம் மாதம் வந்தார். தாயையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.