சாவு போட்டோக்காரர் கல்யாணத்துக்குப் போனது

மரக்காணத்தில் சகாதேவனைத் தெரியாதவர்கள் குறைவு. அவரைக் கூப்பிட ஆசைப்படுகிறவர்கள் அதைவிடக் குறைவு. பதினாறு வருஷமாக அவர் எடுத்ததெல்லாம் சாவு போட்டோ. செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பின்னால் பிள்ளைகளும் பேரன்களும் வரிசையாக நிற்க, ஒரு படம். உயிரோடு இருந்தவரை அந்தக் குடும்பம் ஒன்றாக நிற்க நேரம் கிடைத்திருக்காது. செத்த பிறகு கிடைத்துவிடும். தலை சாயாமல் முட்டுக்கொடுப்பது, தாடை தொங்காமல் துண்டை மடித்துக் கொடுப்பது எல்லாம் சகாதேவன் தானாகவே பழகிக்கொண்டது. அதற்கு முன்னால் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் கால் புண்ணானது, இதில் பெயர் புண்ணானது.

“அந்தாளு சும்மா டீ குடிக்க வந்தாகூட, ஊட்ல இருக்கற பெருசுங்க எழுந்து உள்ள போயிடும்” என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்கோ, கண் திறந்திருக்கும் மனிதர்களை ஒருநாளாவது படம் எடுக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று நாற்பத்து நாலு வயதில் ஓர் ஆசை.

அந்த ஆசைக்கு வழிவிட்டது டெங்கு. புதுச்சேரியிலிருந்து கல்யாணங்களுக்கு வந்துபோகும் ஜான்சனுக்கு லைட் பிடிக்கிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஜான்சனுக்கு இருபத்தேழு வயது, வெளியூர். சகாதேவனின் புகழ் அவன் காதுவரை எட்டியிருக்கவில்லை. ஆள் தேடியவன் முன்னால் சகாதேவனே போய் நின்றார்.

“அண்ணே, நாளைக்கு ஒரு நாள் நீங்கதான் லைட் பாய். நான் எங்க சொல்றேனோ அங்க வெளிச்சம். அவ்ளோதான்” என்றான்.

மணப்பெண் பிரியதர்ஷினி. அவள் அப்பா மாயவன் உப்பளத்துக் கூலி. இரண்டு கிட்னியும் போய்விட்டது. “ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆவணியில் இருந்த முகூர்த்தத்தை மட்டும் வைகாசிக்கு இழுத்துவிட்டார்கள். தாலி ஏறுமுன் தகப்பன் கண்ணை மூடினால் தீட்டு. ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. மாப்பிள்ளை தமிழ்வேந்தன் வீட்டார் வானூர்ப் பக்கம். அவர்கள் வீட்டுச் சாவு ஒன்றால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன சம்பந்தம் இது. மறுபடியும் தள்ளினால், செத்தது யார் வீடாக இருந்தாலும், ராசி என்னவோ பெண்ணுடையதுதான் என்று ஆகிவிடும். அப்படிப் பேர் வாங்கியவளை அப்புறம் இந்தக் கரையில் எவரும் கேட்டு வரமாட்டார்கள். ஆக, மாயவன் மகளுக்குச் செய்யவேண்டிய சீர் ஒன்றே ஒன்றுதான்: காலை எட்டேகால் வரை உயிரோடு இருப்பது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்டப மேடை ஓரத்தில் அவரைக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். புது வேட்டி, தோளில் பட்டுத் துண்டு. சகாதேவன் லைட்டை உயர்த்தியதும் கண்ணைச் சிமிட்டினார்.

“உப்பு மேல பட்ட வெய்யில்லயே அவிஞ்சுபோன கண்ணுப்பா. இதையும் காட்டிக் கெடுக்கறியா?” என்றவர், ஆள் யாரென்று உற்றுப் பார்த்தார். “டேய் சகாதேவா, நீயா? சீக்கிரமே வந்துட்டியே!”

“லைட் பிடிக்க வந்தேண்ணே.”

“பிடி பிடி. உன் வேலைக்கு இன்னும் நேரம் இருக்குது” என்று மாயவன் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அதோடு போயிருக்கலாம். சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தும்போது, பழக்க தோஷத்தில் சகாதேவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “யாரும் அழாதீங்க, ஒரு நிமிஷம்தான்.” அங்கே யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. ஜான்சன் விழுந்து விழுந்து சிரித்தான். மாயவனின் தம்பி சிரிக்கவில்லை.

“யோவ், சாவு போட்டோக்காரனை எவன்யா உள்ள வுட்டது? அனுப்புய்யா வெளிய!”

மாயவனின் மனைவி ராசம்மாள் குறுக்கே வந்தாள். “இருக்கட்டும் கொழுந்தனாரே. உங்க அண்ணனே சிரிச்சிகினு இருக்கறாரு, உங்களுக்கு இன்னா?”

எட்டு மணிக்குத் தேங்காய் மேல் தாலியை வைத்து, எல்லாரும் தொட்டுக் கும்பிடத் தட்டைச் சுற்றிவிட்டார்கள். ஜான்சன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான். “அண்ணே, அப்பா மேல லைட்டு! அவரு கண்ணு கலங்குற ஷாட்டு வேணும்!”

சகாதேவன் திருப்பினார். மாயவன் சிமிட்டவில்லை. லைட்டைத் தாழ்த்தி மறுபடி உயர்த்தினார். கருவிழி அசையவில்லை, சுருங்கவில்லை. கீழ்த்தாடை கொஞ்சம் இறங்கியிருந்தது. வைத்தியர்கள் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். சகாதேவனுக்கு அது தேவைப்படவில்லை.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பொய் சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். இங்கே மூடிக்கொண்டிருந்தாலே போதும். வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான பாவம் அவருக்குக் கிடைத்ததில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தோளில் இருந்த பட்டுத் துண்டைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அதை மடித்து மோவாய்க்குக் கீழே கொடுத்தது.

ராசம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் மாமியாருக்கு இதே கை இதே மடிப்பைக் கொடுத்திருந்தது. நின்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, விரலால் புருஷன் உதட்டை நனைத்தாள்.

“இந்தா, ரெண்டு முழுங்கு குடி. பசிக்குதா? தோ, ஆயிடுச்சு” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். தலையைத் திருப்பாமல், சகாதேவனுக்கு மட்டும்: “வெளிச்சத்த அந்தாண்ட திருப்புங்கண்ணே.”

திருப்பினார்.

“அண்ணே! அப்பா மேலண்ணே! அப்பா மேல!”

“மாப்ள மூஞ்சி இருட்டா இருக்குது தம்பி.”

“போட்டோகிராபர் நீங்களா நானா?”

“நீதான் தம்பி” என்று ஒத்துக்கொண்டார். லைட்டை மட்டும் அசைக்கவில்லை. இந்த வேலையில் முதல் நாளே கடைசி நாளாகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பொண்ணோட தாயார் தொட்டுக் கொடுங்கோ” என்றார் ஐயர். அந்தத் தாலியை அவள் தொடக்கூடாது என்று தெரிந்தவர்கள் மண்டபத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். தீட்டு சாவுக்கா, சாவுச் சேதிக்கா என்று ஐயரிடம் விளக்கம் கேட்க நேரமில்லை. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டாள்.

ஆசீர்வாதம் வாங்கப் பொண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலி முன் குனிந்தார்கள். பின்னாலேயே சம்பந்திகள்.

“அப்பா, தலைமேல கை வைங்கப்பா” என்றான் ஜான்சன். “அப்பா?”

“ராவெல்லாம் தூங்கல தம்பி, கைய தூக்கத் தெம்பில்ல அவருக்கு” என்றாள் ராசம்மாள்.

சகாதேவன் லைட்டை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போனார். மாயவனின் கையைத் தூக்கி மகள் தலையில் வைத்தார். அது நிற்காமல் நழுவியது. பிரியதர்ஷினி தன் கையை உயர்த்தி அதைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுபோனது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ராசம்மாள் மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“சிஸ்டர், இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க.”

சிரித்தாள். ஜான்சன் திரையைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் கண்ணைச் சிமிட்டிட்டீங்க, அப்பா மட்டும் கரெக்டா இருக்காரு. இன்னொண்ணு” என்றான். இன்னொன்றுக்கும் சிரித்தாள். பிறகு முதல் பந்தியில் உட்கார்ந்து, கேமராவுக்காக மாப்பிள்ளை ஊட்டிய லட்டையும் விழுங்கினாள்.

வானூர்க்காரர்கள் ராகுகாலத்துக்கு முன்பே கிளம்ப வேண்டும் என்றார்கள். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அழுவது வழக்கம் என்பதால், பிரியதர்ஷினி எதற்கு அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. “இங்க இருக்கற வானூருக்கு இவ்ளோ அழுகையா?” என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி கேலி செய்தாள்.

வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறித் திரும்பும்வரை ராசம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே வந்து, நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இப்ப கொழுந்தனார கூப்பிடுங்கண்ணே” என்றாள்.