கீல் பூசிய கிளிஞ்சல்

ஒல்லாந்தர் கப்பலுக்கு எங்கள் குப்பத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று கோட்டையிலிருந்து சொல்லியனுப்பியபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கடல் கடந்து அவர்களுடைய பத்தாவிப் பட்டணத்துக்குப் போனவர் யாரும் எங்கள் பக்கம் திரும்பி வந்ததில்லை. யாரை அனுப்புவது? ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பங்கிடும் வழக்கப்படியே செய்வதென்று முடிவாயிற்று. பானைக்குள் பத்து ஆண்களுக்குப் பத்துக் கிளிஞ்சல், அதில் ஒன்று மட்டும் கறுப்பு; அதை எடுப்பவர் கப்பலேற வேண்டும். கரி பூசினால் அழிந்துபோய்ச் சண்டை வருகிறது என்று, தோணிக்குப் பூசும் கீலையே தடவிவிட்டார் நாட்டார். குப்பத்துக்குத் தலைவராயிற்றே, யோசனைக்கா பஞ்சம்!

வடகோடி வீட்டிலிருந்து வரிசை. எங்கள் வீடு தென்கோடி. கடைசிக்கு முந்தினவர் கல்யாணமாகாத சித்தப்பா, கடைசி நைனா. அம்மா நாட்டாரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"எங்க ஊட்டு ஆளுங்கதான் கடைசியா? இன்னா நாயம் இது?"

"முதல்ல எடுத்தாலும் கடைசில எடுத்தாலும் பத்துல ஒண்ணுதாம்மா" என்றார் நாட்டார்.

முதல் ஆள் வெள்ளை எடுத்தான். அடுத்தவனும் வெள்ளை. எடுத்ததைத் திருப்பிப் போடுவதில்லை. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பானையில் மீதி எத்தனை என்று விரல் மடக்கிக்கொண்டே இருந்தேன். யாராவது அந்தச் சனியனை எடுத்துத் தொலைக்கக் கூடாதா? எட்டாவது ஆளும் வெள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமலே நகர்ந்தான். நாட்டாரின் பத்தில் ஒன்று இப்போது இரண்டில் ஒன்றாகியிருந்தது.

சித்தப்பா பானைக்குள் கையை விட்டார். விட்ட கை வெளியே வரவில்லை. நைனா திடீரென்று, "டேய், வேணாண்டா" என்றார். எதை வேண்டாம் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா என்னையும் அம்மா இடுப்பிலிருந்த தம்பியையும் ஒருமுறை பார்த்தார். கை வெளியே வந்தது. கறுப்பு.

நான் துள்ளிக் குதித்தேன். பிழைத்துக்கொண்ட நைனாவோ தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சித்தப்பாவுக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஒருநாள் எங்கள் தோணியின் அடியைத் துடைக்கக் கையை விட்டபோது, காய்ந்த கீல் விரலில் சொரசொரவென்று பட்டது. எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. தோணியிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பத்துப் பேரின் விரலுக்குமா அது தெரியாமல் இருந்திருக்கும்? முன்னால் போன எட்டுப் பேரும் வெள்ளையைத் தடவி எடுத்திருக்கிறார்கள். சித்தப்பா கறுப்பைத் தடவி எடுத்தார்.