கட்டார் சுற்றி வந்த தையல்காரி

பெருநாள் நெருங்குகிறது. கல்முனைக்குடியில், பெண்கள் உடுப்புக்கு மேல் அணியும் நீள அங்கியான அபாயா தைத்து விற்கும் என் கடையில் தைக்க ஆள் போதவில்லை. போன கிழமை பேஸ்புக்கில் விளம்பரம் போட்டேன்.

லைக் குவிந்தது. ஒருவர், "எந்த நாட்டு விசா?" என்று கேட்டிருந்தார். கடைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

இன்று காலை, கடைக்குப் பின்வீட்டு பரீதா ராத்தா வந்தார்.

"தம்பி, தைக்க ஆள் வேணுமாமே?"

"ஓம் ராத்தா. ஆரு சொன்ன?"

"கட்டார் நாட்டுல வேலை செய்யிற மகன் கோல் எடுத்துச் சொன்னான். பேஸ்புக்ல கண்டானாம்."

எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு மதில்தான்.

"மதிலால ஒரு சத்தம் குடுத்திருந்தா அண்டைக்கே வந்திருப்பனே" என்று சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தார். பின்னேரம்தான் எனக்கு மூச்சு வந்தது.

துணி வெட்டவும் ஓர் ஆள் தேவை. கட்டாரில் இருக்கும் தம்பிமாரே, உங்கள் உம்மாமாரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.