கலியபெருமாள் வடிகட்டிய ஆயில்

கலியபெருமாள் இறந்துவிட்டார் என்ற செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. எதையும் முதலில் நம்பாதவன் நான் என்பது பூன் லே பட்டறையில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் மகளை அழைத்துக் கேட்டேன். "ஆமா அங்கிள், தூக்கத்துலயே போயிட்டாரு. பிடோக்ல நம்ம அடுக்குமாடி புளோக்குக்குக் கீழதான் அப்பாவ வச்சிருக்கோம். வாங்க" என்றாள்.

அந்த லாரிப் பட்டறையில் நானும் அவரும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். கியர்பாக்ஸ் என்றால் அவர்தான். வண்டியிலிருந்து இறக்கிய பழைய கியர் ஆயிலை நாங்கள் கழிவுப் பீப்பாயில் ஊற்றுவோம். அவர் மட்டும் வேட்டித் துணியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டி, புது ஆயில் வந்த காலி டின்களில் ஊற்றி வைப்பார். எனக்கு உறுத்தியது. புது ஆயிலை வெளியே விற்றுவிட்டு இதை வண்டிகளுக்கு ஊற்றுகிறாரோ? ஒரு வாரம் வேலையைப் பாதியும் அவரைப் பாதியுமாகக் கவனித்தேன்.

பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "அண்ணே, இது எந்த வண்டிக்கு?"

"எந்த வண்டிக்கும் இல்ல லா. பின்கதவுக் கீலுக்கும் சங்கிலிக்கும்தான். கியர்பாக்ஸுக்கு இத ஊத்துறவன் கைய ஒடிக்கணும்."

வடிகட்டியபின் சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன்.

"துணியில நிக்கிறது இரும்புத்தூள் மட்டும்தான் சேகர். சூட்டுல கெட்டுப்போனது துணியில நிக்காது. பாக்க நல்லா இருக்கிற பழைய ஆயில்தான் ரொம்ப மோசம்."

விளக்கம் நன்றாக இருந்தது. அதனாலேயே என் சந்தேகம் இன்னும் கூடியது.

தைப்பூசத்துக்கு முதல் நாள், தம்பி மகன் காவடி எடுக்கிறான் என்று மதியமே கிளம்பினார். பாதி வேலையில் இருந்த ஒரு லாரியை முடிக்கச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார். வேலைத்தாளில் அவர் பெயர். ஓட்டுநர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். கைக்கு எட்டிய டின்னை எடுத்து ஊற்றினேன். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. ஊரையே சந்தேகப்படும் நான் அந்த மூடியைச் சந்தேகப்படவில்லை.

சில வாரங்களில் அந்த லாரி விரைவுச்சாலையில் கியர் இறுகி நின்றுவிட்டது. பின்னால் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த பேருந்து கொஞ்சம் தள்ளியே நின்றதால் யாருக்கும் அடியில்லை. பட்டறைக்கு இழுத்து வந்து ஆயிலை இறக்கினோம். கலியபெருமாள் விரலில் தொட்டு முகர்ந்தார். "இது நான் வடிகட்டுனது" என்றார். முதலாளி வேலைத்தாளைப் பார்த்தார். எல்லாரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

"புது டின்ல பழசை வச்சது நான். தப்பு என்னோடது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவரை டயர் மாற்றப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை கியர்பாக்ஸைத் தொட விடவில்லை. லாரியை என்னிடம் விட்டுப் போனது அவருக்கு நினைவிருக்கிறதா, ஊற்றியது யாரென்று தெரியுமா என்ற கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் டீ வாங்கித் தந்தால்கூட, எதற்காக என்று யோசிப்பேன். ஒருமுறை தேக்கா சாப்பாட்டுக் கடையில் சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன். "அண்ணே, அந்த லாரி..."

"மீன் ஆறிடும். சாப்பிடு லா" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். கோழைக்கு அவ்வளவு போதுமே.

பிடோக்கில் மாலை வைத்துவிட்டு நின்றபோது நம்மில் ஒருவர் சொன்னார். "தங்கமான மனுஷன். அந்த ஆயில் விஷயத்துலதான் சறுக்கிட்டாரு." மகள் அப்படிச் சொன்னவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதும் நான் பேசவில்லை.

இப்போது சொல்கிறேன். அந்த லாரிக்குப் பழைய ஆயிலை ஊற்றியவன் நான். அவர் கெட்ட பெயரோடு போகக் காரணமும் நான்தான்.

இதுவரை எழுதியதை முதலில் அவர் மகளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். சேகர் ஒரு நாள் அவனே வந்து சொல்லுவான், நீங்க யாரும் கேக்காதீங்கன்னு வீட்டுல சொல்லியிருந்தாரு."

யாரையும் நம்பாத என்னை அவர் கடைசிவரை நம்பியிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். வைத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.