துவைத்து மடித்த சட்டை

துவைப்பதென்றால் சோப்புப் போட்டுக் கும்முவது என்று நினைப்பவர்கள் அகராதியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். மிதிப்பது, இடிப்பது, ஓசை எழுப்புவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன. துணியைக் கல்லில் ஓங்கி அறைந்த காலத்துச் சொல், பின்னே எப்படி இருக்கும்!

கல்லக்கா அகராதியைத் தொட்டவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின்கள் வந்த பிறகும், அவை கைவிரித்த கறைகளை மூலையில் கிடந்த கல்லில் அடித்து வெளுப்பாள். அதனால் வந்த பட்டப்பெயர் அது. கட்டியவன் பாதியில் போய்ச் சேர்ந்தான். ஒற்றை மகளை அந்தக் கல்லை நம்பித்தான் ஆளாக்கினாள்.

கட்டிக்கொடுத்த மறு வருஷம் மகள் வந்து முதுகைக் காட்டினாள்.

"என்னைப் போட்டுத் துவைச்சு எடுக்கிறாரும்மா."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போடி. போகப் போகச் சரியாயிடும்."

எத்தனை அம்மாக்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு! இவளும் சொல்லித் தொலைத்தாள்.

ஒரு நாள் காலையில் மகளை அதே ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். தலையில் அடி, நினைவில்லை. "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா அத்தை" என்று மருமகன் தேம்பினான். நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து, "உங்க பொண்ணு துணி, அக்கா" என்று கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

சலவைக்கூடத்தில் பிரித்துப் பார்த்தாள். மகள் போட்டிருந்த வெளிர்மஞ்சள் சட்டை. கழுத்துப் பட்டையில் ரத்தம். முதுகில், நட்ட நடுவில், வரிவரியாக ஒரு ஷூவின் தடம்.

மாடிப்படி ஷூ போட்டிருக்காது. அது அவளுக்குத் தெரியாதா? பாவி, நாசமாப் போவான் என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்தாள். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், காயவிட்டாலும் போகாது. பல வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு வேலையைச் செய்தது. அவன் மிதித்த தடத்தோடு என் பிள்ளை தெருவில் நடக்கக் கூடாது, கண் முழித்ததும் இதைப் போட்டுக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வரட்டும் என்பதுதான் அப்போது மனசில் இருந்தது. கல்லில் அடித்தாள், அலசினாள், காயவைத்து இஸ்திரியும் போட்டாள்.

மகள் கண் முழிக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கல்லக்கா அழுகையை விழுங்கிக்கொண்டு, பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்தச் சட்டை எங்கம்மா?"

கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. யாரு துவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"படியில விழுந்தாலும் தலையில இப்படித்தான் அடிபடும்னு டாக்டர் சொல்றார். நீங்க பார்த்தேன்னு சொல்றதை மட்டும் வச்சு நான் என்ன பண்றது?"

என் பிள்ளைக்கு இருந்த ஒரே சாட்சியை நானே கொன்றுவிட்டேனே என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

பெஞ்சில் முகம் பொத்தி உட்கார்ந்திருந்த மருமகன் எழுந்து வந்தான்.

"சார், அவ ஞாபகமா அதையாவது குடுங்க சார்."

ஒன்றுமில்லாத துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்ஸ்பெக்டரும் மடித்துக் கொடுத்துவிட்டார். கல்லக்கா போட்ட இஸ்திரி கலையாமல் அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.